ஜட்ஜு துரை கோப்பையும் குறுக்குத்துறைச் சொதியும்

"சொதியா பந்த ஒதைச்சுது? காலு இல்லாம—"

"காலு ஒங்களுக்கு மட்டுந்தான் இருக்கா? நாங்குநேரிக்காரனுக்கு இல்லையா, ராதாபுரத்தான்—"

"நான் பேசிக்கிட்டிருக்கம்லா."

"—ராதாபுரத்தான் தவந்தா வந்தான்? பேசுங்க. நானும் பேசுதேன்."

"நாலு வருசமா கோப்பை வந்திருக்குன்னா அது ஆட்டத்துல வந்தது, நீலா. அடுப்புல வந்ததில்ல."

"ஒரு வார்த்த சொல்லுங்க. நீ ஆக்கிப்போட்டதுலயும் கொஞ்சம் ஜெயம் இருக்குட்டின்னு. சபையில வேண்டாம். இங்கன நின்னு எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதும்."

"இல்லாதத எப்படிச் சொல்ல?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு, தை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், திருநெல்வேலி டவுனில் ஓர் அடுக்களை வாசலில் இவ்வாறு மூண்ட சொற்போரில் ஆண்குரலாய் முழங்கியவர் எவரோ, அவரே இக்காவியத்தின் தலைவர்.

வாழ்க சிவசண்முகம் பிள்ளை. முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் உத்தியோகத்தில் பகலெல்லாம் முதுகு வளைந்து, மாலை ஐந்தடித்ததும் நாணறுந்த வில்லென நிமிர்ந்து, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி வெறுங்காலோடு பொட்டலில் இறங்கும் புழுதிமாலை மார்பர், இடக்கால் இடியேறு, டவுனின் ஆற்றங்கரையிலுள்ள குறுக்குத்துறை புட்பால் கிளப்பின் தானைத்தலைவர், எதிரியின் கோல் கம்பத்தை நோக்கிய கண்ணால் வேறெதையும் நோக்காதவர். இந்தக் கடைசிக் குணமே பின்னால் நடந்த அனைத்துக்கும் வேர். ஆகையால் அதை முதலிலேயே வணங்கிவிடுகிறோம்.

பெண்குரல் அவர் மனைவி நீலாம்பாளுடையது. அவளை வணங்குவதற்கு முன் கோப்பையின் வரலாறு சொல்ல வேண்டும்.

கப்பலேறிச் சீமைக்குத் திரும்பிய ஜட்ஜு துரை ஒருவர், தம்மோடு கொண்டுபோகப் பாரமாய் இருந்த வெள்ளிக் கோப்பை ஒன்றை ஜில்லாவின் பந்தாட்டக் கிளப்புகளுக்கு விட்டுச்சென்றார். ஆண்டுதோறும் தை மாதத்துச் சனிக்கிழமையில், தாமிரபரணிக்கரைப் பொட்டலில் இறுதி ஆட்டம். அடுத்தடுத்து ஐந்தாண்டு வெல்லும் கிளப்புக்குக் கோப்பை நிரந்தரச் சொத்து. இது துரை வகுத்த சட்டம். டவுன்காரர்கள் தாமாக ஒரு சட்டம் சேர்த்தார்கள். வந்த ஊர்க்காரனைப் பட்டினியாக ஆடவிட்டார்கள் என்ற பேச்சு குறுக்குத்துறைக்கு வரக்கூடாது. ஆகவே ஆட்டத்தன்று நடுப்பகலில், ஆற்றங்கரை மருதமரத்து நிழலில், எதிரிப் பதினொருவருக்கும் இலை போட்டுச் சொதி விருந்து. பரிமாறுவது குறுக்குத்துறை வீரர்கள். அவர்கள் உண்பது ஆட்டம் முடிந்த பிறகு. ஆக்குவது நீலாம்பாள்.

சொதியாவது யாதெனில், புது மாப்பிள்ளையை மறுவீட்டில் வீழ்த்தப் பெண்வீட்டார் ஏவும் வெண்ணிற அஸ்திரம். தேங்காயைத் துருவி மும்முறை பிழிந்து, நீர்த்த மூன்றாம் பாலைக் காலாட்படையென முதலில் இறக்கி, அதில் முருங்கையும் கத்தரியும் கிழங்கும் பாசிப்பருப்பும் வேகும்போது இரண்டாம் பாலைக் குதிரைப்படையென ஏவி, இறுதியில் தலைப்பாலை யானைப்படையென ஊற்றி, நுரை கூடும் கணத்தில் இறக்கிவைத்தால், அதன் முன் நின்று இரண்டாம் முறை சோறு கேளாத ஆடவன் இந்த ஆற்றின் இருகரையிலும் பிறந்ததில்லை. உண்டவன் எழுந்திருப்பது வேறு சங்கதி. அதற்காகவே முன்னோர் இலையின் ஓரத்தில் இஞ்சிப் பச்சடி வைத்தார்கள். சொதி கட்டும், இஞ்சி அவிழ்க்கும். இஞ்சி இல்லாமல் சொதி உண்டவன் பொழுது அடைந்த பிறகே மீண்டும் மனிதனாவான். இது நெல்லைச் சீமையில் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பந்தாடுகிறவர்களுக்குத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் ஆண்டில், காய்கறிக்காரி கோமுவின் கூடையில் இஞ்சி இல்லாமல் போயிற்று. ஆகவே நாங்குநேரிப் பதினொருவர் இஞ்சியின்றி உண்டார்கள். சாயங்காலம் கோமு ஆற்றங்கரையிலிருந்து நேரே அடுக்களைக்கு வந்தாள்.

"எக்கா, நாங்குநேரிக்காரங்க கொட்டாவி விட்டுக்கிட்டேல்லா ஓடுதாங்க."

நீலாம்பாள் அகப்பையை வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தாள். அன்று குறுக்குத்துறை வென்றது ஒரு கோலில்.

பத்தாம் ஆண்டில் கூடையில் இஞ்சி இருந்தது, நீலாம்பாள் வாங்கவில்லை. வயல் உழுத வைரக்கால்களோடு வந்த ஆழ்வார்குறிச்சிச் சேனை, முன்பாதியில் நடந்தது, பின்பாதியில் நின்றது. அவர்களுடைய வலப்புற வீரன் பந்து தன்னைத் தேடி வரும் என்று மருதத்தின் வேரில் அமர்ந்திருந்தான். கோல்கள் மூன்று. பதினோராம் ஆண்டில், செம்மண் தேரியின் வெயிலைக் குடித்து வளர்ந்த ராதாபுரத்தார் வந்தார்கள். அனல் தாங்குவோர், தாகம் தாங்குவோர், தலைப்பால் தாங்கவில்லை. கோல்கள் நான்கு, அவற்றில் ஒன்று அவர்களே அவர்களுக்குப் போட்டுக்கொண்டது. பன்னிரண்டாம் ஆண்டில் பாளையங்கோட்டை வாலிபர் கிளப். அவர்களுடைய கோல் காப்பவன் தானியேல், ஆறடி உயரத் தூண், கம்பத்தைப் பற்றி நின்றவாறே கண்ணயர்ந்தான். சிவசண்முகம் பிள்ளையின் இடக்கால் விடுத்த பந்து அவன் காதருகே காற்றாய்ப் போயிற்று. அவன் விழித்து, "முடிஞ்சிட்டா?" என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

இவ்வாறு நான்கு ஆண்டு, நான்கு வெற்றி. வீதியெங்கும் கொட்டுமேளம், கழுத்தெங்கும் மாலை, கோர்ட்டு வராந்தாவில் வக்கீல்களின் வாழ்த்து. ஒவ்வோர் ஆண்டும் தலைவர் வீடு திரும்பி, சோற்றைப் பிசைந்தவாறே தம் இடக்காலின் மகிமையை விரித்துரைத்தார். ஒவ்வோர் ஆண்டும் நீலாம்பாள் கேட்டுக்கொண்டே பரிமாறினாள். இஞ்சியைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. சொல்லாமலே அவருக்குப் படும் என்றிருந்தாள்.

படவில்லை. ஐந்தாம் போருக்கு முந்தைய காலையில், எதிரி மறுபடியும் பாளையங்கோட்டை என்றாகிவிட்ட நிலையில், இன்னும் ஒரு வெற்றியில் கோப்பை என்றென்றைக்கும் குறுக்குத்துறைக்கு என்ற நிலையில், அடுப்பில் வந்ததில்லை என்று அவர் சொன்னார்.

அவர் கோர்ட்டுக்குப் போனதும் நீலாம்பாள் கோமுவைக் கூப்பிட்டாள்.

"அரை வீசை இஞ்சி வேணும்ட்டி. நாளைக்கு விடியதுக்குள்ள."

"நாலு வருசமா சொதி நாளுல இஞ்சியே கேட்டதில்லையேக்கா?"

"இப்பம் கேக்கேன்."

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"அவுகளுக்கு அடுப்புல வாரதெல்லாம் தெரியாது. நீ கொண்டா."

இப்போது வணங்குவோம். வாழ்க நீலாம்பாள், அம்மியரங்கத்து அரசி, அரை வீசை இஞ்சியின் தோலும் நாரும் சீவி எறிந்த அடுக்களை வாள்வீராங்கனை. மறுநாள் விடியலில் அவள் கையிலிருந்த குழவி தேர்ச்சக்கரமென முன்னும் பின்னும் உருள, இஞ்சி நசுங்கிற்று, மிளகாய் மடிந்தது, புளி கரைந்தது, வெல்லம் வீழ்ந்தது. வழித்து எடுத்த பச்சடியைப் பித்தளைத் தூக்கில் இட்டாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டாள், மூடவில்லை. பச்சடி அடுக்களையிலேயே இருந்துவிடவும் கூடும். ஒரு வார்த்தை வந்தால் இருந்துவிடும்.

அடுக்களை வாசலில் நிழல் விழுந்தது. தலைவர் நின்றார்.

"நீலா."

"சொல்லுங்க."

"வெள்ளத் துண்டு எங்க?"

அவள் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு தூக்கை மூடினாள்.

மருதநிழலில் பதினோர் இலைகள் விரிந்தன. வெள்ளைச் சட்டைப் பாளையங்கோட்டைப் படை தலைகுனிந்து ஜெபம் செய்து, ஆமென் சொல்லி அமர்ந்தது. முன்னே இருந்தவன் அவர்கள் தலைவன் பாக்கியசீலன், மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிவசண்முகம் பிள்ளையோ, கண் பொட்டலின் கோல் கம்பத்தின்மேல் இருக்க, கை போன போக்கில் தூக்கைத் திறந்து, கரண்டி கரண்டியாய் அள்ளி, எதிரிகளின் இலையோரந்தோறும் தம் கையாலேயே வைத்துக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, இது என்னது? போன வருசம் இலையில இல்லையே," என்றான் பாக்கியசீலன்.

"எது?"

"இந்தா, ஓரத்துல வச்சியள்லா. இஞ்சி மாதிரி இருக்கு."

தலைவர் முதன்முறையாகக் கம்பத்தை விட்டு இலையைப் பார்த்தார். இஞ்சிதான்.

"நல்லாருக்கு. இன்னுங்கொஞ்சம் வைங்க. ஏலே தானியேலு, சொதிக்கு இதத் தொட்டுக்க. கும்முன்னு இருக்கு."

"எனக்கு ரெண்டு கரண்டி அண்ணாச்சி," என்றான் தானியேல்.

விருந்தோம்பல் சட்டம் மீறத்தக்கதன்று. தலைவர் வைத்தார்.

பிற்பகல் நாலரை மணிக்குப் போர் தொடங்கியது. தலைவர் வழக்கமான கொட்டாவிக்காகக் காத்திருந்தார். பாளையங்கோட்டைப் படை, கட்டவிழ்த்த காளைக்கூட்டமெனக் குதித்தது, மேற்கு மலையில் மழை பெய்த மறுநாள் ஆறு வருவதுபோல் வந்தது. பசித்த வயிற்றோடு நின்ற குறுக்குத்துறை வீரர்கள் மதகின் பலகையென ஒவ்வொருவராய் ஒதுங்கினார்கள். பாக்கியசீலன் ஒன்று போட்டான். அவனே இரண்டாவதும் போட்டான். சிவசண்முகம் பிள்ளை தம் குலமும் கோர்ட்டும் கிளப்பும் ஒருங்கே நினைந்து, நான்கு ஆண்டுப் புகழையெல்லாம் இடக்காலின் பெருவிரலில் திரட்டி, கண்டோர் மூச்சடக்க, கோமு கூடையைக் கீழே வைக்க, ஓர் உதை உதைத்தார். அவ்வளவு நல்ல உதையை அவர் அதற்கு முன் உதைத்ததில்லை. தானியேல் விழித்திருந்தான். கை நீட்டி வாங்கி, ஒருமுறை ஏப்பம் விட்டுவிட்டு, பந்தைத் தூர எறிந்தான். அது மூன்றாவது கோலில் போய் முடிந்தது.

வெள்ளிக் கோப்பை மாட்டுவண்டி ஏறி, கீர்த்தனை ஒலிக்க, பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டை போயிற்று. இனி ஐந்தாண்டு என்பது மறுபடி ஒன்றிலிருந்து.

விளக்கேற்றும் வேளையில், நான்கு வெற்றி கண்ட நாயகர், ஏறு நெற்றியில் புழுதியும் தோளில் வெள்ளைத் துண்டுமாய், வாசலில் கால் கழுவி, கூடத்தைக் கடந்து, நேற்று நின்ற அதே அடுக்களை வாசலில் வந்து நின்றார். நீலாம்பாள் பலகையைப் போட்டாள், இலையை விரித்தாள், நீர் தெளித்தாள். அவர் அமர்ந்தார். சோறு விழுந்தது, அதன்மேல் தலைப்பால் மின்ன, முருங்கை மிதக்க, சொதி வழிந்தது. அவர் இலையின் வெற்று ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பன்னிரண்டு வருட இல்லறத்தில் முதன்முறையாக, அவள் முகத்தைப் பார்த்து வாய் திறக்கப் போனார்.

"சொதி நெறைய இருக்கு," என்றாள் நீலாம்பாள். "இஞ்சிப் பச்சடிதான் தீந்துபோச்சு."