ஒட்டிலிக்கு ஆபத்தில்லாத வீடு

ஜன்னலின் மேல்பக்கத்தைச் சாய்த்துத் திறந்தால், அந்த இடுக்கில் பூனை மாட்டிக்கொண்டு செத்துவிடும். திறக்காவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஹார்ட்விக் லூடெக்கே சமையலறை ஜன்னலின் கைப்பிடியைப் பிடித்தபடி கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்.

பிறகு பூஞ்சை பிடிக்கட்டும் என்று முடிவு செய்தார்.

பூனையின் பெயர் ஒட்டிலி. பதினோரு வயது, சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருந்தது. பிராணிகள் காப்பகத்தார் வீட்டுக்கே கொண்டுவந்து விட்டு ஐந்து வாரம். மனைவி ரோஸ்விதா இறந்துபோய் நான்கு மாதம். ரோஸ்விதாவின் நாற்காலியில் அதுவரை யாரும் உட்காரவில்லை. ஒட்டிலி வந்த அன்றே அதில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அந்த நாற்காலியைப் பார்க்க அவருக்குப் பயமாக இல்லை.

திங்கட்கிழமை காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வாரத்துக்குள் தங்கள் ஆள் ஒருவர் சொல்லாமல் வருவார் என்றும், எல்லாம் சரியாக இல்லாவிட்டால் ஒப்பந்தப்படி பிராணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடும் என்றும் எழுதியிருந்தார்கள். கூடவே வீட்டிலுள்ள ஆபத்துகளின் பட்டியல் ஒன்று. இரண்டு பக்கம்.

ஹார்ட்விக்குக்குச் சோதனை என்றால் என்னவென்று தெரியும். ஓல்டன்பர்க் நகரத்துக் கடைகளின் தராசுகளை முப்பத்து நான்கு வருடம் சோதித்து ஓய்வுபெற்றவர் அவர். முதலில் ஒன்றும் தெரியாதவர்போல் அரை கிலோ செர்ரிப் பழம் வாங்குவார். அதன்பிறகுதான் அடையாள அட்டையை எடுப்பார். சோதிக்க வருகிறவன் சோதிக்க வந்தவனைப்போல் இருக்கமாட்டான் என்பது அவருடைய அசைக்கமுடியாத நம்பிக்கை.

ஆகவே இனி வாசலில் யார் நின்றாலும் சந்தேகம்தான்.

பட்டியலில் முதலில் செடிகள். ரோஸ்விதா வளர்த்த ஆறு தொட்டிகளில் நான்கு பூனைக்கு விஷம். ஆறையும் மாடிப்படி ஓரத்தில் வைத்தார். அரைமணிக்குள் எதிர்வீட்டு டீட்யெ அம்மாள் மணியடித்து, தீப்பிடித்தால் ஓடுகிற வழியில் தொட்டி வைக்கக்கூடாது என்று கட்டட விதி இருப்பதைச் சொன்னார். சொன்னவர் போகாமல், ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வரமுடியுமா என்று கேட்டார். கேட்டபடியே ஹார்ட்விக்கின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

வீடு எப்போது காலியாக இருக்கும் என்று இவளுக்கு ஏன் தெரியவேண்டும்? வரமுடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

தொட்டிகளைப் படுக்கையறையில் வைத்துப் பூட்டினார். கட்டிலும் அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து சோபாவில் படுத்தார்.

அடுத்தது அடுப்பு. ஒட்டிலி அதன்மேல் தாவுவதை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுப்புக்குப் போகும் மின்சாரத்தையே நிறுத்தினார். மதியம் சூடான சாப்பாடு, இரவு ரொட்டி என்றிருந்த வீட்டில் மதியமும் ரொட்டி ஆனது. ஒட்டிலிக்கு மட்டும் டப்பா உணவைக் கோட்டுக்குள் கக்கத்தில் வைத்து இருபது நிமிடம் சூடாக்கிக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்தது. சோபாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கரும்புள்ளி. அது தெரியாதபடி சோபாவைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினார்.

அன்றைக்குத்தான், வருடத்துக்கு ஒருமுறை புகைபோக்கியையும் கொதிகலனையும் சோதிக்கும் புகைபோக்கிக்காரர் வந்தார். கறுப்பு உடுப்பு, கையில் கருவிப்பெட்டி. ஆனால் வழக்கமாக வருகிறவர் இல்லை.

"கழிப்பறை மூடியைப் பாருங்க. கயிறு போட்டுக் கட்டியிருக்கேன்" என்றார் ஹார்ட்விக்.

"நான் கொதிகலன் பார்க்க வந்தேன் சார்."

"ஆமாமா. நானும் அந்தக் காலத்துல செர்ரிப் பழம் வாங்கத்தான் போவேன்."

அந்த மனிதர் கொதிகலனிடம் போனார். ஹார்ட்விக் பின்னாலேயே போய்ச் சலவை இயந்திரத்தின் மூடிய கதவையும், மருந்துகளை வைத்துப் பூட்டிக் குளியல்தொட்டியில் வைத்திருந்த பெட்டியையும் காட்டினார். ஒட்டிலியின் வாயைத் திறந்து பல்லையும் காட்டினார். கருவியில் ஏதோ எண்ணைப் பார்த்த புகைபோக்கிக்காரரின் முகம் மாறியது.

"காத்தே வரல சார். ஜன்னலைக் கொஞ்சம் திறங்க."

ஹார்ட்விக் புன்னகைத்தார். எதிர்பார்த்த சோதனைதான்.

"திறக்கமாட்டேன்."

"சார், இப்படி மூடிவெச்சா இதை எரியவிட முடியாது. விஷப்புகை சேரும்."

"என்கிட்ட நடக்காது. நீங்க எத்தனை தடவை கேட்டாலும் திறக்கமாட்டேன்."

கொதிகலனை அணைத்து, அதன்மேல் சிவப்புத்தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார் அவர். தேறிவிட்டோம் என்று ஹார்ட்விக் ஒருமணி நேரம் மகிழ்ச்சியாக இருந்தார். அப்புறம் குளிர ஆரம்பித்தது. தாளைப் படித்துப் பார்த்தார். அது உண்மையாகவே புகைபோக்கிக்காரருடைய தாள்.

அதற்குப்பிறகு வெந்நீர் இல்லை, வெப்பம் இல்லை. வீட்டுக்குள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டார். வெளியே போனால் அந்த நேரம் பார்த்து வந்துவிடுவார்கள் என்று கடைக்கும் போகவில்லை. ரொட்டி தீர்ந்தபோது டப்பா மீனைத் திறந்தார். அதில் பாதியை ஒட்டிலி சாப்பிட்டது.

டீட்யெ அம்மாள் மறுபடி மணியடித்தார். கையில் மூடிபோட்ட பாத்திரம், ஆவி பறந்தது.

"பருப்பு சூப் கொஞ்சம் அதிகமா வெச்சிட்டேன்."

வாசனைக்கு ஹார்ட்விக்கின் கை தானாகப் பாத்திரத்தை வாங்க நீண்டது. ஆனால் பட்டியல் நினைவுக்கு வந்தது.

"இதுல வெங்காயம் இருக்கா?"

"வெங்காயம் இல்லாம என்னங்க பருப்பு சூப்?"

"அதானே பார்த்தேன்" என்று கதவைச் சாத்தினார். பூனை இருக்கும் வீட்டுக்குள் வெங்காயம் அனுப்பிப் பார்க்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் டீட்யெ அம்மாள் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுப் போவது கேட்டது.

பதினேழாம் நாள் மதியம், சைக்கிள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பருமனான ஒரு பெண் வந்தார். பெயர் கெசீனே ஓல்ட்மன்ஸ், காப்பகத்திலிருந்து வருவதாகச் சொன்னார்.

அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதால் ஹார்ட்விக் நம்பவில்லை. அடையாள அட்டையை வாங்கி விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார். காப்பகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். உண்மைதான்.

உள்ளே அழைத்து எல்லாவற்றையும் காட்டினார். மூடிய ஜன்னல்கள், பூட்டிய படுக்கையறை, செத்த அடுப்பு, கயிறு. பெண் தலையாட்டினாரே தவிர எதையும் எழுதவில்லை. பேசும்போது அவர் வாயிலிருந்து புகைபோல் ஆவி வந்தது. நாற்காலியில் தூங்கிய ஒட்டிலியைத் தடவிக்கொடுத்தார்.

"கடைசியா எப்ப சூடா சாப்பிட்டீங்க?"

"இன்னிக்குக் காலையில. கக்கத்துல வெச்சு சூடாக்கிக் குடுத்தேன்."

"பூனையைக் கேக்கல. நீங்க."

இதில் ஏதோ வலை இருக்கிறது. "எனக்குச் சூடு ஒத்துக்காது" என்றார்.

"எங்க படுக்கிறீங்க? வெளிய போய் எத்தனை நாளாச்சு? எதிர்வீட்டம்மாகிட்டப் பேசறதுண்டா?"

டீட்யெ அம்மாள் கோள் சொல்லிவிட்டாள். ஹார்ட்விக் பட்டியலை எடுத்து நீட்டினார். பெண் இப்போதுதான் எழுதத் தொடங்கினார். நிறைய எழுதினார். பிறகு பேனாவை மூடினார்.

"மன்னிக்கணும் சார். இது தேறல."

ஹார்ட்விக் ஒட்டிலியைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள். அவருக்கு எப்படிக் கெஞ்சுவது என்று தெரியவில்லை.

"எது தப்புன்னு சொல்லுங்க, மாத்திடறேன். இதைக் கொண்டுபோயிடாதீங்க. வீட்ல வேற யாரும் இல்ல."

"ஒட்டிலியை எதுக்குக் கொண்டுபோகணும்? அது மேல ஒரு தப்பும் இல்ல" என்ற கெசீனே ஓல்ட்மன்ஸ், கையிலிருந்த படிவத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க மனைவி எங்ககிட்ட வந்து எழுதிக் குடுத்தது சார். 'பிராணியின் பெயர்'ங்கிற இடத்துல உங்க பேரை எழுதியிருக்காங்க. 'பார்த்துக்கொள்பவர்'ங்கிற இடத்துலதான் ஒட்டிலி."