ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகவில்லை

என் கல்யாணத்தன்று என் வலது கை ஒரு தகரக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டது உண்மை. மணமகள் கோலத்தில், ஓடையின் நடுவில், இரண்டு கரையிலும் சனம் வேடிக்கை பார்க்க, ஜீப் சீட்டின் மேல் ஏறி நின்றேன் என்பதும் உண்மை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அவர்களை நான் சும்மா விடமாட்டேன். இந்த வயதிலும் விடமாட்டேன்.

செலியமேட்டுக்குப் பக்கத்தில் என் அப்பா வண்டிப் பட்டறை வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் போய் நம் கொடி ஏறியிருந்த புதிது. ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன, மேல்கூரை இல்லாத பழைய ஜீப் அப்பா கைக்கு வந்தது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் பழகி, பிறகு ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு நானே வேலை செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டேன். (அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, மன்னிக்க மாட்டீர்கள் என்றால் போங்கள்.)

முந்தைய மழையில் அந்த ஜீப் கரிக்கலாம்பாக்கத்துத் தரைப்பாலத்தில் தண்ணீர் குடித்துப் படுத்துவிட்டது. எஞ்சினைப் பிரித்தபோது எனக்கு விஷயம் புரிந்தது. எஞ்சின் மூச்சு இழுக்கும் வாய் பானெட்டுக்குள்ளே இருக்கிறது. தண்ணீர் அதுவரை ஏறினால் காற்றுக்குப் பதில் தண்ணீரைத்தான் இழுக்கும். வாயைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாயை வெட்டி, பானெட்டுக்குப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவந்து, முன் கண்ணாடிக்கு மேலே நிற்க வைத்தேன். இணைப்புகளில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். மழை விழாமலிருக்க மேல் வாயைப் பின்பக்கமாக வளைத்தேன். கவனிக்கவும், பின்பக்கமாக.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வில்லியனூர்ப் பக்கம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவர், லீவில் வந்திருந்தார். அவரை இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டாம் தடவை அவர் என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, "இன்னா வண்டி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவரைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

மாமியாருக்கு என்னைப் பிடிக்கவில்லை. "எண்ணெ நாத்தம் அடிக்கிற பொண்ணு" என்று தரகரிடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பெண் வண்டியில் கை வைக்கக் கூடாது. கல்யாணமும் அவர்கள் ஊர் மாதா கோயிலில்தான். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். நான் ஆட்டவில்லை.

மூன்று ஞாயிறும் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிந்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் நெருங்கிவிட்டது. ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பிறகு ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்துதான். அதற்குள் அவர் லீவு முடிந்து கப்பலேறிவிடுவார். போனால் எப்போது வருவாரோ, எந்தச் சண்டைக்கு அனுப்புவார்களோ. அதனால் ஆகமனத்துக்கு முந்தின அந்தக் கடைசி நாளில், மதியத்துக்கு மேல் பூசை கிடையாது என்பதால் மதியத்துக்குள், கல்யாணம் நடந்தே ஆகவேண்டும். அந்த நாளில்தான் மழை ஊற்றித் தீர்த்தது. மாட்டு வண்டிக்காரர்கள் எல்லாரும் வரமாட்டோம் என்றார்கள்.

"நம்ம ஜீப்பு போவும்ப்பா" என்றேன்.

அப்பா குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாட்டிக்கினா என் மானம் போயிடும்டி" என்றார்.

தரைப்பாலம் வந்தது. பாலம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அத்தனை தண்ணீர். அக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா எஞ்சினை ஓடவிட்டு, ஆழம் பார்க்கக் கம்போடு இறங்கினார். நான் ஃபேன் தண்ணீரை வாரி இறைக்காதபடி பெல்ட்டைக் கழற்றி, ஈரம் ஏறாதபடி பிளக் ஒயர்களுக்குக் கிரீஸ் பூசி, எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்திருந்தேன். ஆகவே நிம்மதியாக முன் சீட்டில் வெள்ளைப் பட்டோடு உட்கார்ந்திருந்தேன். பின்னால் அப்பாவின் அக்கா, ரெஜினா அத்தை.

"தலையக் குனிஞ்சி உக்காருடி. மாப்ள வூட்டுக்காரங்க பாக்குறாங்க" என்றார் அத்தை.

குனிந்தேன். வாழ்க்கையில் நான் அத்தை பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதற்கே இந்தக் கதி.

நான் குனிந்திருந்த அந்த நேரத்தில், குழாயின் வாய் என் பக்கமாகத் திரும்பியிருப்பதை அத்தை பார்த்திருக்கிறார். அத்தைக்குத் தெரிந்த குழாயெல்லாம் புகை விடும் குழாய். இதிலிருந்து கரி வந்து கல்யாணப் புடவையில் விழுந்தால் என்ன ஆவது? கோயிலுக்குள் தன் தலையில் போட வைத்திருந்த வெள்ளை முக்காட்டை எடுத்து, குழாய் வாயில் அழகாகப் போர்த்தி, முனையைச் செருகிவிட்டார். எஞ்சின் சும்மா ஓடும்போது அந்த மெல்லிய துணி வழியாக வந்த காற்றே அதற்குப் போதுமாயிருந்தது.

அப்பா ஏறினார், வண்டியைத் தண்ணீரில் இறக்கினார். தண்ணீர் என் காலைத் தொட்டது, சீட்டைத் தொட்டது. வண்டி கம்பீரமாகப் போனது. சரியாக நடு ஓடையில் அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது.

"பூந்துடிச்சி" என்றார் அப்பா. "தண்ணி பூந்துடிச்சி. நான் அப்பவே சொன்னேன்."

"பூந்துருக்காதுப்பா. தண்ணி பூந்தா டக்குனு சாவும். இது மூச்சு முட்டிச் செத்திருக்கு."

"இன்னாத்த கண்ட நீ? வாய மூடு. மாட்ட கட்டி இழுக்கச் சொல்றேன்."

அக்கரையில் மாமியார் கையைத் தட்டிக்கொண்டு ஏதோ சொல்வது தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. மாடு வந்து இழுத்துச் சேர்ப்பதற்குள் மதியம் போய்விடும், மதியத்தோடு அவரும் போய்விடுவார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீட்டின் மேல் ஏறினேன். குழாய் வாயில் வெள்ளைத் துணியின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. மீதியை எஞ்சின் உள்ளே இழுத்திருந்தது.

"இது யார் வேல?"

"புடவைல கரி படும்னு..." என்றார் அத்தை.

துணி வளைவுக்குள் சிக்கியிருந்தது. கையை விட்டேன். துணி கிடைத்தது. கையை எடுக்க முடியவில்லை. உள்ளே போன வளையல்கள் வெளியே வர மறுத்துவிட்டன. இழுத்தேன், திருகினேன், மாதாவைக் கூப்பிட்டேன். அதற்குள் கரையில் கூச்சல். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

வந்து சேர்ந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி போச்சா?" என்று கேட்டார்.

"போவல" என்றேன். "கைதான் போச்சி."

அவர் சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து, பிளக் ஒயரில் நான் பூசியிருந்த கிரீஸை வழித்துக்கொண்டு, அதை மூடி மேலே ஏறி, என் முழங்கையிலிருந்து குழாய்க்குள்ளே தடவினார். கையைப் பிடித்து மெதுவாகத் திருகினார். சாமியார் கையைச் சேர்த்து வைப்பதற்கு முன்னாலேயே, மாமியார் கண்ணெதிரில், அவர் என் கையைப் பிடித்துவிட்டார். எனக்கு வெட்கமாகவே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

கை வந்தது, கையோடு அத்தையின் முக்காடும் வந்தது. அப்பா செல்ஃபை அழுத்தினார். எஞ்சின் உடனே பிடித்தது, அந்தக் குழாய் உஸ்ஸென்று காற்று இழுத்தது. மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்ந்தோம்.

மாமியார் என் கையைப் பார்த்தார், முழங்கை வரை கறுப்பு. அவர் மகன் கையைப் பார்த்தார், அதுவும் கறுப்பு. நிபந்தனையை நினைவுபடுத்துவார் என்று எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"ரெண்டு பேரும் கையக் கழுவுங்க" என்றார். "சாமியார் காத்துக்கினு கீறார்."

கிரீஸ் சாம்பலுக்கும் போகவில்லை. அப்படியே கல்யாணம் நடந்தது. தலையில் துணி இல்லாமல் பெண்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்பதால், அத்தை அந்த முக்காட்டையே பிழிந்து போட்டுக்கொண்டார். கல்யாணப் போட்டோவில் அவர் உச்சந்தலையில் குழாய் வாய் அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் சுத்தமாகத் தெரியும். அத்தை சாகும்வரை, தண்ணீர் புகுந்துதான் வண்டி நின்றது என்றே சொன்னார், அந்த வளையம் தெரியும் போட்டோவைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டே சொன்னார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றால், மோட்டார் நின்றால், பேரனின் பைக் நின்றால், முதல் கேள்வி "தண்ணி போச்சா?" என்பதுதான். புதிதாக யாராவது வந்து போட்டோவைப் பார்த்து அத்தை தலையில் என்ன என்று கேட்டால், என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது வந்துங்க, குழாயில தண்ணி பூந்து..." என்று ஆரம்பிப்பார். என்னை வெளியே வரவழைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடுப்பை அணைத்துவிட்டு வருவேன்.

"போவல" என்பேன்.

"கை?" என்று கேட்டுக்கொண்டு அவர் கையை நீட்டுவார்.