ஏழாம் எண் நோயாளி

"ஏழாம் நம்பர் நோயாளி நான்தானே?" என்று கேட்டபடி கணக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பூட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மென்பொருள் வடிவமைக்கும் அந்த மனிதருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. எதை உருவாக்கினாலும், யார் எதைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடவே போவார்.

இப்போது ஒரு காது மருத்துவமனைக்கு நோயாளிகளின் குறிப்பேட்டைக் கணினியில் செய்திருந்தார். மூன்று மணிக்குத் தலைமை டாக்டர் பார்க்க வருகிறார். சோதனைக்குக்கூட உண்மையான மனிதர் ஒருவருடைய விவரமும் இருக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஆகவே நாற்பது நோயாளிகளைப் பூட்டுக்காரர் கற்பனையிலேயே பெற்றெடுத்தார். கதையில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போகிறவர்கள் மாதிரிதானே, ஆளுக்கு ஒரு வரி போதும். ஏழாம் எண்ணில் மட்டும் கை நிற்காமல் ஓடிவிட்டது:

'வயது நாற்பத்தைந்து. காதில் கோளாறு இல்லை. மனைவி கூப்பிட்டால் மட்டும் கேட்காது. அலுவலகத்தில் யாராவது பேச வந்தால், வராத அழைப்புக்குப் போனைக் காதில் வைத்துக்கொள்வார்.'

சோதனைக்காக அலுவலகத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்திருந்த அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் கணக்கர் வந்திருந்தார்.

"அது கற்பனை சார்."

"என் வீட்டுக்காரி கூப்பிட்டா எனக்குக் கேக்காதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

பூட்டுக்காரர் மேசையில் கைக்குச் சிக்கியதைச் சட்டென்று எடுத்து, ஒரு பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார். "ஹலோ, சொல்லுங்க... சார், முக்கியமான கால், அப்புறம் பேசலாமா?"

கணக்கர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பின்னாலேயே டீ கொண்டுவரும் அக்கா வந்து, "சார், உங்க..." என்று ஆரம்பித்தாள்.

"பேசிட்டிருக்கேன்ல அக்கா."

அக்கா டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பூட்டுக்காரர் அந்தக் குறிப்பில் மனைவியை எடுத்துவிட்டு மாமியாரைப் போட்டார். நோயாளியைப் பெண்ணாக்கினார். கால் மணி நேரத்தில் விற்பனைப் பிரிவு அம்மா கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார்.

"எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க மாமியார் இங்க போன் பண்ணாங்களா?"

"ஐயோ, இல்லம்மா. ஒரு நிமிஷம்... ஹலோ? ஆமா, சொல்லுங்க."

அந்த அம்மா போய், கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தன் இடத்திலிருந்தே முறைத்தார்.

வம்பே வேண்டாமென்று பூட்டுக்காரர் பழைய வரிகளையே திரும்பப் போட்டு, ஏழாம் எண்ணுக்கு மட்டும் ஒரு பூட்டு மாட்டினார். திறந்தால், 'ரகசியம். பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வரும். அதுவரை அதைப் படித்தவர்கள் இரண்டே பேர். பூட்டு விழுந்ததும் அலுவலகத்தில் உள்ள முப்பத்திரண்டு பேரும் முட்டி மோதினார்கள். யார் பார்க்க முயன்றாலும் மேலாளருக்குத் தகவல் போகும்படியும் பூட்டுக்காரரே பெருமையோடு செய்து வைத்திருந்தார்.

முப்பத்திரண்டு தகவலோடு மேலாளர் வந்தார். கோட்டின் பொத்தான் எல்லாம் கழுத்துவரை போட்டிருந்தது.

"நிஜ ஆளோட விவரம் உள்ள இருக்காமே. டாக்டருக்குத் தெரிஞ்சா ஒப்பந்தம் போச்சு. அதோட உங்க வேலையும்."

"சத்தியமா இல்ல சார்."

மேலாளர் தம் அனுமதியால் பூட்டைத் திறந்து படித்தார். முகம் மாறியது. அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டம்மா உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா?"

அதற்குள் கதவு திறந்தது. தலைமை டாக்டர் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். திரையில் ஏழாம் எண் பளிச்சென்று நின்றது. அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"இவ்வளவு துல்லியமா யாரும் கற்பனை பண்ண முடியாது. யார் இந்த ஆள்?"

பூட்டுக்காரரின் ஆறு மாத உழைப்பு, வீட்டுக் கடன், மகளின் படிப்பு எல்லாம் அந்த நான்கு வரியில் தொங்கின.

"யாரும் இல்ல டாக்டர். இப்படி ஒரு ஆள் உலகத்துலயே கிடையாது. என் கற்பனை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல இப்படி ஒருத்தர்கூட இல்லையா?"

"ஒரு நிமிஷம் டாக்டர், அவசர கால்," என்று பூட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஹலோ, சொல்லுங்க... ஆமா... ஆமா..."

மேலாளரின் பற்கள் தந்தியடித்தன. டீ தட்டோடு உள்ளே வந்த அக்கா டாக்டருக்கு ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பூட்டுக்காரரிடம் போய் நின்றாள்.

"சார், உங்க போனு காலையிலேர்ந்து டீ ரூம்ல சார்ஜ்ல கிடக்கு. பேசி முடிச்சுட்டு அந்த ஏசி ரிமோட்டைக் குடுங்க, எல்லாரும் நடுங்கறாங்க."