மூன்று படியும் ஒரு பலகையும்

மாற்றுத்திறனாளிகள் குறித்த விழிப்புணர்வை வளர்க்கும் பொருட்டு, பொதுமக்களோடு மனம் திறந்து உரையாடுவதென நகராட்சி அலுவலகம் தீர்மானித்தது. ‘தடைகளைத் தகர்ப்போம்’ என்று பதாகை தைத்துக் கொடுத்தவள், சக்கர நாற்காலியில் வந்துபோகும் தையல்காரம்மா. அதை வாசலுக்கு மேலே கட்டினார்கள். வாசலுக்குக் கீழே மூன்று படி இருந்தது.

கூட்டத்தன்று அவள் வந்தது உரையாட அல்ல. கடை உரிமத்தைப் புதுப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மேலாளர் கையெழுத்துப் போடாவிட்டால் மறுநாள் கடைக்குப் பூட்டு.

“சார், கீழ வந்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்களேன்.”

“அய்யய்யோ! உங்களை மட்டும் தனியா நடத்தினா பாகுபாடு ஆயிடும்மா. எல்லாரையும் மாதிரி உள்ள வாங்க,” என்றார் வாசலில் நின்ற மேலாளர்.

“ஒரு பலகையைச் சாய்ச்சுப் போடுங்க, வந்துடறேன்.”

“நியாயமான கோரிக்கை. உள்ள வந்து மைக்கில சொல்லுங்க, தீர்மானம் போட்டுடலாம்.”

“பலகை இருந்தாத்தானே சார் உள்ள வர முடியும்?”

“அதைத்தான் மைக்கில சொல்லணும்!”

தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கத்தரிக்கோல் இல்லாதது மேலாளர் செய்த புண்ணியம். ஜன்னல் வழியே பார்த்தாள். மாற்றுத்திறனாளி தரப்பு காலியாக இருக்கக்கூடாதே என்று, குமாஸ்தாவைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து உருட்டி வந்தார்கள். “எங்க கஷ்டம் யாருக்குங்க புரியுது!” என்று அவர் தழுதழுக்க, கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. சிறந்த பங்கேற்பாளர் சான்றிதழை அவர் எழுந்து நடந்துபோய் வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து டீ வண்டி வந்தது. “சார், டீ படியேறாது!” என்று காவலாளி குரல் கொடுத்தார். அவ்வளவுதான். இரண்டே நிமிஷத்தில் நீளமான பலகை வந்துவிட்டது. கோரிக்கையுமில்லை, தீர்மானமுமில்லை. மேலாளரே ஒரு முனையைப் பிடித்தார். வண்டியின் பின்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தையல்காரம்மாவும் கூடவே ஏறிவிட்டாள்.

“பாத்தீங்களா, உரையாடலோட பலனை!” என்று மேலாளர் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். “பலகை இனிமே நிரந்தரமா இருக்கும். உரிமத்தை நாளைக்கு வந்து வாங்கிக்கங்க.” கூட்டம் கைதட்டியது. பாவம், அவளும் சந்தோஷமாகத் தட்டினாள்.

மறுநாள் பலகை இருந்தது. பக்கத்தில் புத்தம்புது அறிவிப்பும் இருந்தது: ‘டீ வண்டிக்கு மட்டும்.’

“என்னம்மா பண்றது, எழுதிட்டாங்களே,” என்று காவலாளி கையை விரித்தார்.

தையல்காரம்மா வீட்டுக்குப் போய், ஒரு பெரிய கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். “டீ வந்தாச்சு!” என்று காவலாளியே பின்னாலிருந்து தள்ளிவிட்டார். உள்ளே, நேற்றுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அத்தனை பேரும் கோப்பையை நீட்டினார்கள். “எனக்குச் சர்க்கரை கம்மியா,” என்றார் குமாஸ்தா.

“முதல்ல உரிமம்,” என்றாள் அவள். மேலாளர் அவசர அவசரமாக எடுத்துக் கொடுத்தார். அதைப் பத்திரமாக ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு கெட்டிலைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

“டீ எங்கம்மா?”

“நியாயமான கோரிக்கை சார். மைக்கில சொல்லுங்க, தீர்மானம் போட்டுடலாம்.”