கறுப்புக் கண்ணாடித் தலைக்கவசம்

"அப்பா, ஒங்களுக்கு மட்டுந்தான் தலை இருக்குதா?"

தர்மிளா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போவதற்காக மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணராஜ் தன் ஹெல்மட்டின் பட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றுவிட்டது.

குழந்தை குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது.

எஹலியகொடைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் ஸ்டோரில் அவனுக்கு வேலை. மலையில் வெட்டிய பாலை நிறுத்து வாங்கி, எசிட் ஊற்றி உறைய வைக்கிற இடம். எந்தப் பால் எத்தனை நிமிடத்தில் உறையும் என்று கச்சிதமாகச் சொல்லக்கூடியவனுக்கு, பெற்ற பிள்ளையின் தலை இத்தனை நாள் ஞாபகத்துக்கே வரவில்லை. அன்றிலிருந்து ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் தர்மிளாவின் தலைக்காகவே கிடப்பதுபோல அவனுக்குத் தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை தன் ஹெல்மட்டையே கழற்றி அவளுக்கு மாட்டினான். அது அவள் தோள்வரை இறங்கியது. முதல் வளைவில் ஹெல்மட் திரும்பிக்கொண்டது, தலை திரும்பவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டபோது, ஒன்றும் தெரியாமல் வாசல் தூணைப் பார்த்து, "குட்மோர்னிங் டீச்சர்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை உள்ளே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து இறுக்கினான். பாரம் தாங்காமல் பிள்ளைக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அவன் மனைவி சுமித்ரா எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "தலைய காப்பாத்துறேன்னு கழுத்த ஒடிச்சிட்டீங்க" என்றாள்.

புதன்கிழமை டவுனுக்கு, கபூர் நானாவின் கடைக்குப் போனான்.

"நானா, புள்ளைக்கு ஒரு ஹெல்மட் வேணும்."

"எத்தின வயசு?"

"ஏழு."

"அந்த சைஸ் இங்க இல்ல தம்பி. கொழும்புல இருந்துதான் எடுக்கோணும். ரெண்டு கெழம, பதினாலு நாளு போகும்."

"பெரிசு ஒண்ணு குடுங்க நானா. உள்ளுக்குத் துணி வச்சி இறுக்கிக்கிறேன்."

கபூர் நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தலைக்குப் பெரிசா ஈக்கிற ஹெல்மட் ஹெல்மட் இல்ல, சட்டி. விழுற நேரம் சட்டி ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும். விக்க மாட்டேன் தம்பி. நாளைக்கி அல்லாஹ்வுக்கு நான்தான் பதில் செல்லோணும்."

விற்கப்போகிற பொருளை விற்கமாட்டேன் என்று சொல்லும் வியாபாரியைப் பார்த்ததும் கிருஷ்ணராஜுக்கு மரியாதை வந்தது. கூடவே பயமும் இரட்டிப்பானது.

"அப்ப ரெண்டு கெழமைக்கு நான் என்னா செய்யிறது?"

கடையில் நின்ற நானாவின் மகன் இல்ஹாம் அவனை மேலும் கீழும் பார்த்தான். "மொதல்ல நீங்க விழாம ஈக்கோணும். ஒங்கட ஹெல்மட் பாதி மண்டைக்குத்தானே காணும்? தாடை ஒடைஞ்சா புள்ளக்கி யாரு சோறு போடுவாங்க?"

அதோடு முடிந்தது. தாடைவரை மூடுகிற முழு ஹெல்மட், முழங்கையில் மெத்தை வைத்த கறுப்பு ஜாக்கெட், கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் மேசைமேல் வந்து விழுந்தன.

"ஹெல்மட்டுக்கு இந்தக் கறுப்புக் கண்ணாடி மழைக்கு சரிவராது தம்பி. வெள்ளக் கண்ணாடி போட்டது வரட்டும், பொறுங்களேன்" என்றார் நானா.

பொறுக்கிற நிலையில் கிருஷ்ணராஜ் இல்லை. எல்லாவற்றையும் கடையிலேயே மாட்டிக்கொண்டு புறப்பட்டான்.

தோட்டத்து எல்லையில் பால் வெட்டுகிறவர்கள் ஐந்தாறு பேர் மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும், "சின்ன தொரை! சின்ன தொரை!" என்று ஆளுக்கொரு மரமாக ஓடினார்கள்.

தோட்டத்துக்கு உதவி மேலாளராகப் புதிதாக வந்திருந்த சின்ன தொரைக்கும் சிவப்பு மோட்டார் சைக்கிள்தான். அவரும் தலை முதல் முழங்கால்வரை கறுப்பாகத்தான் வருவார். அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தவர்கள் தோட்டத்தில் பத்துப் பேர்கூட இல்லை. கிருஷ்ணராஜ் நிறுத்தி ஹெல்மட்டைக் கழற்றப் பார்த்தான். கையுறை போட்ட விரலுக்குப் பட்டியின் பூட்டு அகப்படவில்லை. "நான்தாங்க!" என்று கத்தினான். அது ஹெல்மட்டுக்குள்ளேயே சுற்றி அவன் காதுக்கே திரும்பி வந்தது. பதறிப்போய் வண்டியை முறுக்கினான்.

காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிகிற பிரட்டுக்களத்துக்கு முன்னால் காத்தமுத்து கங்காணி நின்றிருந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக நிமிர்ந்தார். கிருஷ்ணராஜ் பார்க்காததுபோலப் போய்விட்டான்.

அவரோடு பேசி இரண்டு வருடமாகிறது. ஒருநாள் மலையிலிருந்து பால் தாமதித்து வந்து, ஒரு பீப்பாய் முழுக்க எசிட் ஊற்றுமுன்னே தானாக உறைந்து வீணாகிவிட்டது. தாமதம் கங்காணியுடையது. ஆனால் அவர் பெரிய தொரையிடம், "ஸ்டோர்ல உள்ள பய நேரத்துக்கு வாங்கலிங்க" என்று சொல்லிவிட்டார். கிருஷ்ணராஜை ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்குக் கங்காணி வீட்டிலிருந்து வந்த பலகாரத் தட்டை மூடிய துணியைக்கூட விலக்காமல் திருப்பி அனுப்பினான்.

மறுநாளிலிருந்து, சரியான ஹெல்மட் வரும்வரை பிள்ளையை வண்டியில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தான். சுமித்ராவோடு குறுக்குப் பாதையில் இரண்டு மைல் நடந்து போனாள் தர்மிளா. மழைக்காலம். வெள்ளிக்கிழமை காலில் ஏழு அட்டையோடு வந்தாள். முதல் பாடமும் தவறிப்போயிருந்தது.

"தலை பத்திரமா இருக்குப்பா. ரத்தந்தான் கொறையுது" என்றாள்.

அதைக் கேட்டுச் சுமித்ரா சிரித்தாள். கிருஷ்ணராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் தொல்லை அதோடும் நிற்கவில்லை. வேலைக்குப் போக வர, ஆள் நடமாட்டம் இல்லாத மேல் பாதையைப் பிடித்தான். அங்கேயும் ஒரு பெண் ஓடிவந்து வண்டியை மறித்தாள். "ஐயா, சின்னவனுக்குக் காய்ச்சலுங்க. அரை நாள் லீவு வேணுங்க." வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். பேசாமல் நின்றான். ஹெல்மட்டின் பாரத்தில் தலை தானாகவே முன்னால் சாய்ந்தது. "நல்லா இருக்கணுங்கய்யா!" என்று கும்பிட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று இரவெல்லாம் அவனுக்குத் தூக்கமில்லை. தொரை வேஷம் போட்டு லீவு கொடுத்தவனுக்கு இன்னொரு கடிதம் வராது, வேலையே போய்விடும். வேலை போனால் தோட்டம் கொடுத்த வீடான லைன் காம்பராவும் போகும். நல்லவேளையாக, உண்மையான சின்ன தொரை லீவுக் கணக்கைப் பார்த்துவிட்டு, தானே கொடுத்து மறந்துபோனதாக நினைத்துக்கொண்டார். கிருஷ்ணராஜ் முனியாண்டி கோயிலுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டான்.

திங்கட்கிழமை மாலை நல்ல மழை. கறுப்புக் கண்ணாடியில் உள்ளே மூச்சும் வெளியே தண்ணீருமாக ஒன்றும் தெரியவில்லை. பிரட்டுக்களத்தருகே வண்டியை ஓரங்கட்டினான். அக்கம்பக்கத்தில் ஒரு ஈ, காக்கை கிடையாது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், எதிரே காத்தமுத்து கங்காணி நிற்கிறார். கையிலிருந்த குடையை, தான் நனைந்துகொண்டு, அவன் தலைக்குமேல் பிடித்தார்.

"ஐயா, ஒரு வார்த்த பேசணுங்க."

கிருஷ்ணராஜ் பட்டியை இழுத்தான். நனைந்த கையுறையில் பூட்டு இன்னும் வழுக்கியது.

"வேணாங்க, கழட்டாதீங்க. மழை" என்றார் கங்காணி அவசரமாக. "இது ஸ்டோர்ல வேல செய்யிற கிருஷ்ணராஜு விஷயமுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பீப்பா பால் கெட்டுப்போச்சு. அது அவன் குத்தமில்லைங்க. என் குத்தம். வேல போயிருமோன்னு பயந்து அவன் தலையில போட்டுட்டேன். நேத்துப் பெரிய தொரைகிட்டயும் போயி சொல்லிட்டேங்க. கடதாசிய கிழிச்சிர்றேன்னாரு."

கிருஷ்ணராஜ் பட்டியை விட்டுவிட்டான்.

"அவன் நல்ல பயதாங்க. என்னா, கொஞ்சம் முட்டாப்பய. கோவிச்சான்னா ரெண்டு வருசத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டுத் திரிவான். பொண்டாட்டி புத்தி சொன்னாலும் கேக்கமாட்டான்."

கிருஷ்ணராஜுக்கு உள்ளே காது சூடேறியது.

கங்காணி சட்டைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ஹெல்மட்.

"ரம்புக்கனையில மக வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வந்தேங்க. பேரன் போட்டது. ஒருக்கா கூடக் கீழ விழாதது. அவன் புள்ள அட்டக்கடியில நடக்குது. நான் குடுத்தா அவன் வாங்கமாட்டான். நீங்க குடுத்திருங்கய்யா."

பையை வண்டியின் டாங்கி மேல் வைத்துவிட்டு, குடையை மடக்காமலே திரும்பி நடந்தார். அவர் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

காம்பராவுக்கு வந்ததும் சுமித்ரா ஒரே நொடியில் பட்டியைக் கழற்றிவிட்டாள். உள்ளே முகம் மழையில் நனைந்தவனைவிட அதிகமாக நனைந்திருந்தது. நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள், தர்மிளா மஞ்சள் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டாள். பிடரியில் கச்சிதமாக உட்கார்ந்தது. தலையை ஆட்டினாள், அதுவும் கூடவே ஆடியது. அப்படியே உட்கார்ந்து ரொட்டியைக் கடிக்கத் தொடங்கினாள்.

"கழட்டும்மா. அது நம்முளுது இல்ல" என்றான் கிருஷ்ணராஜ்.

"ஏங்க, புள்ளைக்குத்தானே குடுத்தாரு?" என்றாள் சுமித்ரா.

"எனக்கா குடுத்தாரு? தொரைக்குக் குடுத்தாரு. மனசுல கெடந்தத ஒரு பெரிய மனுசன்கிட்ட எறக்கி வச்சாரு. அத நான் திருடன் மாதிரி நின்னு கேட்டுட்டு வந்திருக்கேன். கோயில்ல எப்பிடி வெளக்கு ஏத்துவேன்? நாளைக்கி காலையில பிரட்டுல வச்சி உண்மைய சொல்லி, இதத் திருப்பிக் குடுக்கப்போறேன்."

"எல்லாருக்கும் முன்னாலயா? அந்த மனுசன் வெக்கத்துல செத்துருவாருங்க!"

"சொல்லாட்டி நான் செத்துருவேனே!"

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. கிருஷ்ணராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹெல்மட்டுக்காகக் கையை நீட்டினான்.

தர்மிளா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"யாருகிட்டயும் சொல்லாதன்னாரு, நீங்க அழுவுறதால சொல்றேன். போன வியாழக்கெழம கங்காணித் தாத்தா வந்து நூலு வச்சி எந்தலைய அளந்துட்டுப் போனாருப்பா. 'ஒங்கப்பன் மொகத்தப் பாத்தா எனக்குப் பேச்சு வராது, அந்தக் கறுப்புச் சட்டிய மாட்டிக்கிட்டு வர்றப்பவே சொல்லிப்புடுறேன்'னாரு."