தமயந்தியின் கல்யாணமும் மூன்று வல்லரசுகளும்

நெய்வேலி நகரியம்,
14-7-1963

மரியாதைக்குரிய மைத்துனர் சிங்காரவேல் அவர்களுக்கு, குஞ்சிதபாதம் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் தங்கள் தங்கை ராஜாம்பாளும் தமயந்தியும் தில்லை நடராஜர் கிருபையில் சுகம். காலையில் வெளுத்த வேட்டி சாயங்காலத்துக்குள் கறுத்துவிடுகிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. தங்கள் வீட்டிலும் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். துறைமுகத்தில் தங்களுக்கு வரவேண்டிய பிரமோஷனும் இந்நேரம் வந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. ஆடி பிறக்க இன்னும் இரண்டே நாள். அதற்குள் தமயந்திக்கு எந்த மாப்பிள்ளை என்று முடிவு சொல்லச் சொல்லியிருந்தீர்கள். தாங்கள் அனுப்பிய இரண்டு ஜாதகமும் பொருந்திவிட்டன, அதுதான் கஷ்டம். கம்மாபுரத்துப் பையன் ஜெயராமன் சுரங்கத்தில் ஜெர்மன் மிஷினில் பிட்டர். வடலூர்ப் பையன் ராஜாங்கம் ரஷ்யாக்காரர்கள் கட்டிக்கொடுக்கும் பவர் ஹவுஸில் ஆபரேட்டர். இருவரும் பர்மனென்ட். இருவருக்கும் ஒரே சம்பளம், ஏறக்குறைய ஒரே மூக்கு. எதை வைத்துத் தரம் பிரிப்பது? யோசித்துப் பார்த்தேன். பையனைப் பார்த்தால் மட்டும் போதாது, பையன் நிற்கும் மிஷினைச் செய்த தேசத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நாளைக்கு அந்தத் தேசம் நொடித்துப் போனால் உதிரி சாமான் வராது, சாமான் வராவிட்டால் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் என் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பாள். இதை ராஜாம்பாளிடம் சொன்னதற்கு, "ஊரான் ஊட்டு ராஜ்ஜியம் ஒங்களுக்கு இன்னாத்துக்குங்க? பையன் குடிக்கிறானா, சூதாடறானான்னு போயி விசாரிங்க" என்கிறாள். தங்கள் தங்கைக்கு நீண்டகால நோக்கு என்பதே கிடையாது மச்சான், கோபிக்க வேண்டாம்.

சம்பந்தம் பேசுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நம் வழக்கம். அதிலும் பங்காளியிடம் விசாரித்தால்தான் உள்ளது வெளியே வரும். ஆனால் யார் வீட்டுப் பெண்ணுக்காகக் கேட்கிறோம் என்று நிச்சயம் ஆகும்வரை மூச்சு விடக் கூடாது. அந்த முறைப்படியே நடந்தேன். நான் மேற்பார்வை பார்க்கும் வெளிநாட்டார் விடுதியில் கெல்லர் துரை என்று ஒரு ஜெர்மன் எஞ்சினீயர் இருக்கிறார். அவர் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ரஷ்யாக்காரர்கள் எப்படி, நிலையான குடும்பந்தானா, கடன் கிடன் உண்டா, இருபது வருஷம் தாங்குவார்களா என்று பதமாகக் கேட்டேன். துரை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். யார் கேட்கச் சொன்னார்கள் என்றார். அதைச் சொல்ல எங்கள் வழக்கத்தில் இடமில்லை என்றேன். மனுஷன் வெளுத்துப்போனார், ஏற்கெனவே வெளுப்புதான், இது வேறு வெளுப்பு. அடுத்த சுரங்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று டில்லிக்காரர்கள் என் மூலமாக ஆழம் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு அவர் சூப்பு ஆறியது, பேச்சு ஆறவில்லை. ரஷ்யாக்காரன் ஆளையே ஆகாசத்துக்கு அனுப்பிவிட்டானாம், இன்னும் இருபது வருஷத்தில் அமெரிக்காவையே முந்திவிடுவேன் என்கிறானாம், குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்து ஊர் ஊராக இரும்பாலை வைக்கிறானாம், அவர்கள் ஊர்ப் பேப்பரைப் பிரித்தால் இந்தப் பேச்சுதானாம், அவர் தகப்பனாருக்குத் தூக்கமே போய்விட்டதாம். பங்காளி பம்புசெட்டு போட்டால் நமக்கு வயிறு காந்துமே, அதே காந்தல்தான் மச்சான், சட்டை மட்டும்தான் வேறு. மறுநாள் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், மலை உயரத்துக்கு நிற்கும் மண்வெட்டி மிஷினைச் சுற்றிக் காட்டி, இது ஐம்பது வருஷம் ஓடும், கேட்டவர்களிடம் போய்ச் சொல் என்றார். என்னை ஜீப்பில் பார்த்ததும் ரஷ்ய எஞ்சினீயர் நிக்கிடினுக்குப் பொறுக்கவில்லை. அவர் என்னை பாய்லருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, வேர்த்து விறுவிறுக்கப் பிரசங்கம் செய்தார். பிறகு ஜெர்மன்காரர் ஒரு டின் பன்றிக்கறி அனுப்பினார், ரஷ்யாக்காரர் ஒரு டின் மீன்முட்டை அனுப்பினார். வள்ளலார் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டையும் என்ன செய்வது? ராஜாம்பாள் வேலிக்கு வெளியே வைத்துவிட்டாள். இந்த பிளாக்கில் பூனைகளுக்கு மட்டும் இரண்டு தேசத்தின் மேலும் நல்ல அபிப்பிராயம்.

பயப்படுகிறவன்தானே தோற்பவன்? ஆகவே ரஷ்யாவே மேல், ராஜாங்கத்தையே முடித்துவிடலாம் என்று தங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அதை வீட்டில் சொன்ன அன்றிலிருந்து தமயந்தி சரியாகச் சாப்பிடுவதில்லை, பித்தமாக இருக்கும். எதற்கும் மறுபக்கத்தையும் கேட்டுவிடுவோம் என்று நிக்கிடினிடம் ஜெர்மன்காரர்களைப் பற்றி விசாரித்தால், அவர் குரலைத் தாழ்த்தி, அந்த மாதிரி மண்வெட்டி செய்ய எங்களுக்கு இன்னும் நாளாகும் என்கிறார். இவருக்கும் பயம்! போதாததற்கு இரண்டு பேரும் ஒரே நாளில் என்னை விருந்துக்கு வேறு அழைத்துவிட்டார்கள். இரண்டு டின்னையும் நினைத்துப் பார்த்து, நீங்கள் இருவரும் என் குவார்ட்டர்ஸுக்கே வாருங்கள், கேசரியும் காபியும் சாப்பிடலாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

நேற்று வந்தார்கள். ஆளுக்கொரு மூலையில் நாற்காலி போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கேசரி சாப்பிட்டார்கள். அப்போதுதான் மச்சான், சித்திரையில் தாங்கள் தமயந்திக்கு வாங்கி அனுப்பினீர்களே, கையகல ஜப்பான் ரேடியோ, அது ஜன்னலில் இருந்து பாடிக்கொண்டிருந்தது. அந்த ரேடியோ மேல் அவளுக்கு உயிர். வாரா வாரம் முந்தானையில் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டு வள்ளியம்மாளிடம் காட்டப் போய்விடுவாள். கெல்லர் துரை அதைப் பார்த்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். இத்தனூண்டு பெட்டிக்கு இவ்வளவு சாரீரமா என்று எழுந்து போய்க் கையில் எடுத்தாரோ இல்லையோ, பாட்டு நின்றுவிட்டது. சுவிட்சையே தொடவில்லை! தொட்டாலே அணைந்துவிடுகிறது என்று நிக்கிடினிடம் நீட்டினார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஜப்பான் என்று போட்டிருப்பதை இருவரும் தலையோடு தலை முட்ட வாசித்தார்கள். விலை எவ்வளவு என்று என்னைக் கேட்டார்கள். தாங்கள் எழுதியிருந்த விலையைச் சொன்னேன். கேசரி தட்டிலேயே கிடந்தது.

"நாங்கள் இத்தனை நாளும் தப்பான ஆளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்" என்றார் கெல்லர் துரை. நிக்கிடின் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் ஏறிப் போனார்கள். இன்று காலையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டபடி இட்லி சாப்பிட்டார்கள். ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் சம்பந்தம் கூட்டிவைத்த பெருமை ராஜாம்பாளின் கேசரியைச் சேரும்.

ஆகவே மச்சான், என் முடிவு இதுதான். ராஜாங்கமும் வேண்டாம், ஜெயராமனும் வேண்டாம். ஆடி பிறக்குமுன் இரண்டு ஜாதகத்தையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். தாங்கள் துறைமுகத்தில் இருப்பதால் கப்பல்காரர்களிடம் விசாரித்து, மதராஸில் ஜப்பான் கம்பெனியில் வேலை பார்க்கும் நம்மவர் பையன் யாராவது இருந்தால் உடனே எழுதவும். கம்பெனி சின்னதாக இருந்தாலும் பாதகமில்லை. சின்னதாகச் செய்வதில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள். தமயந்தி இதைக் கேட்டுவிட்டுக் கவர் ஒட்டப் பசை கிண்டப் போய்விட்டாள். பெரியவர்கள் சொல்வதை எதிர்த்துப் பேசாத பெண், தங்களுக்குத் தெரியாததா?

பெரியவர்களுக்கு நமஸ்காரமும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும். அடுத்த தடவை வரும்போது வெள்ளை வேட்டி கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
குஞ்சிதபாதம்

பின்குறிப்பு: மாமா, இது தமயந்தி எழுதுவது. தபாலில் சேர்க்கச் சொல்லி அப்பா கொடுத்தார். கவரை ஒட்டுமுன் படித்துவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் அனுப்பிய ரேடியோ வந்த அன்றைக்கே ஊமை. உங்கள் மனம் நோகுமே என்று சொல்லவில்லை. நேற்றுப் பாடியது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வள்ளியம்மாள் அக்காவின் பெரிய ரேடியோ. வெள்ளைக்காரர்கள் வந்திருக்கிறார்களே என்று மரியாதைக்கு அக்கா அதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். இந்தப் பெட்டியை ரிப்பேர் செய்யத்தான் ஜெயராமன் மூன்று மாதமாக லீவு நாளில் அக்கா வீட்டுக்கு வருகிறார். அக்காவின் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்ட். வருகிறார், கழற்றுகிறார், மாட்டுகிறார். இதுவரை ஒரு சத்தமும் வரவில்லை. அவருக்கு ரேடியோ வேலை தெரியாது என்பது முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. எனக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது மாமா. ஜப்பானில் நம்மவர் யாரும் இல்லை, சுரங்கத்துப் பையனே மேல் என்று நீங்களே அப்பாவுக்கு எழுதிவிடுங்கள். உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். ஆவணியில் வந்து நிச்சயம் செய்துவிட்டுப் போங்கள். வரும்போது தயவுசெய்து பாடுகிற ரேடியோ எதுவும் கொண்டுவர வேண்டாம்.