புகையில்லா மருந்தும் ஏழு வரித் தமிழும்

ரகு அந்தத் தாளை மூன்றாவது முறையாகத் திருப்பிப் பார்த்தான். மூன்று முறையும் அது இங்கிலீஷிலேயே இருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி இருந்த துப்பாக்கி சுடும் கிளப்பில் அவன் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் காக்களூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. நேர்முகத் தேர்வில் கிளப் செயலாளர் மோகன்ராஜ், இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் எழுத வருமா என்று கேட்டபோது, தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லியிருந்தான். துப்பாக்கியைப் பற்றித் தெரியுமா என்று கேட்டதற்கும் அதே பதில்தான். அந்த இரண்டு பொய்களும் இப்போது ஒரே தாளில் வந்து உட்கார்ந்திருந்தன.

விஷயம் இதுதான். சுட்டுப் போட்ட காலித் தோட்டாக்களில் மறுபடி மருந்து போட்டுத் தாங்களே தயார் செய்துகொள்ள உறுப்பினர்களுக்கு அனுமதி வேண்டும் என்று கிளப் விண்ணப்பித்திருந்தது. அதற்காக வெளிநாட்டுப் புகையில்லா வெடிமருந்து ஒன்றை வாங்குவதாக ஏற்பாடு. அந்த மருந்து எந்தத் துப்பாக்கிக்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்று தமிழில் போர்டு எழுதி, மருந்து அறைக்கு வெளியே எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது லைசன்ஸ் ஆபீஸின் நிபந்தனை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் தாளைக் கையில் கொடுத்துவிட்டு, மோகன்ராஜ் ஒரு போட்டிக்காகக் கோயம்புத்தூர் கிளம்பினார். படியிறங்கியவர் திரும்பி வந்து ஒன்று சொன்னார்.

"போன்ல போட்டு மொழிபெயர்த்துடாதே ரகு. போன வருஷம் ஆண்டறிக்கைய ஒருத்தன் அப்படித்தான் பண்ணான். 'செயலாளர் நாற்காலியை வரவேற்றுப் பேசினார்'னு அச்சாயிடுச்சு. தலைவர் இன்னும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. அந்த ஆளு இப்ப கிளப்லயே இல்ல."

கடைசி வாக்கியம் போதுமானதாக இருந்தது. ரகு போனை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய அகராதி ஒன்றைத் தேடி எடுத்தான்.

முதல் வரி சுலபமாக வந்தது. ஸ்மோக் என்றால் புகை. லெஸ் என்றால் இல்லை. 'இது புகை பிடிக்காதவர்களுக்கான பவுடர்' என்று எழுதிவிட்டு, பரவாயில்லையே என்று ஒரு டீ குடித்தான்.

அடுத்து ஷாட்கன். ஷார்ட் என்றால் குட்டை என்பது, பேன்ட் தைக்கக் கொடுத்த எவனுக்கும் தெரியும். ஆகவே குட்டைத் துப்பாக்கி. நீளமான பேரலுக்கு இது ஆகாது என்று தாளில் போட்டிருந்தது. பேரல் ரகுவுக்கு நன்றாகத் தெரிந்த பொருள். பிஸ்கட் கம்பெனிக்கு எண்ணெய் அதில்தான் வரும். பீப்பாய் என்று எழுதினான். துப்பாக்கி கிளப்பில் பீப்பாய்க்கு என்ன வேலை என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. மாதம் ஒன்றுதானே ஆகிறது, பார்க்காதது இன்னும் எவ்வளவோ இருக்கும் என்று அதைச் சமாதானப்படுத்தி அனுப்பினான்.

மஸில் என்ற சொல்லுக்கு அகராதி வாய்ப்பூட்டு என்றது. அதையும் எழுதிக்கொண்டான். அதற்கப்புறம் வந்த பிரைமர், கேஸ், கிரெய்ன், மேகசின் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்த சொற்களாக இருந்தும், ஒரே தாளில் சேர்ந்து ஏன் உட்கார்ந்திருக்கின்றன என்று விளங்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் மனைவி சுகிர்தா அதை வாங்கிப் படித்தாள். அவள் கார் உதிரிபாகக் கம்பெனியில் பொருள் சரியாக இருக்கிறதா என்று சோதித்து அனுப்புகிறவள். எதையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"எழுத்து நல்லாத்தான் கீது. ஆனா யாருக்கு இன்னா சொல்றனு தெரியலியே."

"எனக்கே தெரியல சுகி. வேலை போய்டும்போல கீது."

"ஏன் பேஜாராவற? எங்க கம்பெனில டிராயிங் புரியலன்னா, அந்த சாமான் யார் கையில பொழங்குதோ அவங்களத்தான் போய் கேப்போம். நீயும் போய் கேளு. டிக்ஷனரியா வந்து சுடப் போவுது?"

நல்ல யோசனை. அது நல்ல யோசனையாக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

புதன்கிழமை ரகு கவரைப்பேட்டையில் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனான். கிரெய்ன் என்றால் தானியம், நம் பக்கம் தானியம் என்றால் நெல் என்று மில்காரர் ஒரு நொடியில் தீர்த்து வைத்தார். கிரெய்ன் கூடினால் ஆபத்து என்று எழுதியிருப்பதைக் கேட்டதும், ஈர நெல்லைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள் என்றார்.

அங்கிருந்து பொன்னேரி கோர்ட் வாசல். பழைய கேஸை மறுபடி எடுக்கும் முன் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விரிசல் இருந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று தாளில் இருந்ததை ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் காட்டினான். குமாஸ்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"எந்த வக்கீல்ப்பா எழுதினது? நூத்துக்கு நூறு உண்மை. இத எங்க சீனியரு மேஜை மேல எழுதி ஒட்டணும்."

இவ்வளவு பெரிய ஆதரவு கிடைத்த பிறகு ரகுவுக்குச் சந்தேகமே இல்லை. கேஸ் வழக்கு ஆயிற்று. மேகசினுக்கு யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை. ரயிலில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை போர்டு எழுத பெயின்டர் வரதன் வந்தான். பிரைமர் அவனுடைய சாம்ராஜ்யம்.

"தோ பாரு நைனா, பிரைமர் இல்லாம மேல எதுவும் நிக்காது. ரெண்டு கோட்டு அடிச்சு காய வுடணும். அப்புறந்தான் பவுடரோ, பெயின்டோ."

தன் தொழிலுக்கும் ஒரு வரி இருக்கிறது என்பதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த வரிக்கு மட்டும் சிவப்பு பெயின்ட் போட்டான். அன்று சாயங்காலம் நாலு போல்ட்டு முறுக்கி, போர்டை மருந்து அறைக்கு வெளியே ஆடாமல் அசையாமல் நிறுத்திவிட்டுப் போனான்.

*இது புகை பிடிக்காதவர்களுக்கான பவுடர்.*
*குட்டைத் துப்பாக்கிக்கு ஏற்றது. நீளமான பீப்பாய்க்கு ஏற்றதல்ல.*
*வாய்ப்பூட்டு போட்டவர்கள் பயன்படுத்தக் கூடாது.*
*முதலில் பிரைமர் இரண்டு கோட் அடித்துக் காயவிடவும்.*
*பழைய வழக்குகளை மீண்டும் எடுக்கும் முன் விரிசல் பார்க்கவும்.*
*நெல் நன்கு காய்ந்திருக்க வேண்டும். கூடினால் ஆபத்து.*
*மீதிப் பவுடரை வார இதழில் வைக்கவும்.*

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மோகன்ராஜ் கோயம்புத்தூரிலிருந்து நேராக வந்து இறங்கினார். போர்டு முன்னால் நின்றார். மூன்றாவது வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏழாவது வரி முடிந்ததும் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரகு, வீட்ல எதுனா பிரச்சினையா?"

"இல்ல சார்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் ரகுவுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். இந்த மருந்து சடாரென்று எரியும் ஜாதி. ஷாட்கன் என்றால் சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி. அதற்கு இது சரி. நீளக் குழல் ரைபிளுக்கு நிதானமாக எரியும் மருந்து வேண்டும். அதில் இதைத் தெரியாமல் போட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். வாய் வழியாகக் கருமருந்து கெட்டிக்கும் அந்தக் காலத்துத் துப்பாக்கியில் இதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. கேஸ் என்பது தோட்டாவின் கூடு. பிரைமர் அதன் அடியில் பொறி கிளப்பும் சிறு மூடி, கிரெய்ன் மருந்தை நிறுக்கும் எடை அளவு. மேகசின் என்பது மருந்து வைக்கும் கிடங்கு.

"விளையாட்டு இல்லப்பா. உயிர் சமாச்சாரம்."

வேலை போகும் என்றுதான் ரகு மூன்று நாளாகப் பயந்திருந்தான். தன் எழுத்தால் யாரோ ஒருவனுடைய விரல் போகும் என்று தோன்றவே இல்லை. இங்கிலீஷும் தெரியாது, துப்பாக்கியும் தெரியாது, இரண்டுக்கும் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

மணி பத்து ஐம்பது. போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் வரதனிடம். வரதன் மீஞ்சூரில். ரகு ஓடிப்போய் ஆண்டு விழாவுக்குக் கட்டிய 'வருக வருக' துணி பேனரை எடுத்துவந்து போர்டு மேல் இழுத்துக் கட்டினான். முடிச்சு போட்டு முடிக்கவும் ஜீப் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

இறங்கிய அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. பேனரைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன். கல்யாணத்துக்கு இல்ல. அத எடுங்க."

எடுத்தார்கள். பெயின்ட் முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. ரகுவின் ஏழு வரிகளும் பேனரின் உட்பக்கத்தில் இடவலம் மாறி அச்சாகி வந்தன. மறைக்கப் போன சமாச்சாரம் இப்போது இரண்டு பிரதியாக இருந்தது.

அதிகாரி போர்டைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். மோகன்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் எழுதினது?"

ரகு கையைத் தூக்கினான்.

"எத்தன நாளாச்சு இதுக்கு?"

"மூணு நாளு மேடம். நாலு பேர விசாரிச்சு எழுதினேன்."

"ஒரு எழுத்தக்கூட மாத்தக் கூடாது" என்றார் அதிகாரி.

பிறகு மோகன்ராஜ் பக்கம் திரும்பி, உறுப்பினர்களுக்கு நேரில் பயிற்சி கொடுத்துப் பரீட்சை வைக்க வேண்டும், தேறியவர்களுக்கு மட்டும் அந்த இங்கிலீஷ் தாளைக் காட்டினால் போதும், அது அறைக்குள்ளே பூட்டில் இருக்கட்டும், வெளியே இந்த போர்டு அப்படியே நிற்கட்டும் என்றார். மேஜை மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மாவட்டத்தில் இருக்கும் மற்ற கிளப்புகளுக்கும் இதே வாசகத்தை அனுப்பப் போவதாகவும் சொன்னார்.

மோகன்ராஜ் போர்டை இன்னொரு முறை படித்தார். முப்பது வருஷமாகத் துப்பாக்கி பிடித்தவர், வார இதழ் விஷயத்தில் தனக்குத்தான் ஏதோ தெரியாமல் போய்விட்டதோ என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் ரகுவின் தோளைத் தட்டி, இந்த வருஷ ஆண்டறிக்கையையும் நீயே எழுதிவிடு என்றார்.

ரகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டிராயரைத் திறந்து போனை எடுத்து, சுகிர்தாவிடம் விஷயத்தைச் சொன்னான். நம் தமிழ் மாவட்டம் பூராவும் போகப் போகிறது என்றான். பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காதவன் அவன். அவள், வரும்போது கோழி வாங்கி வா என்றாள்.

உள்ளே அதிகாரி ரெஜிஸ்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரகு ஒரு டீயை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனான். டிரைவர் ஜோஷ்வா சீட்டில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். டீயைக் கொடுத்துவிட்டு, மேடத்துக்கு நம் எழுத்து அவ்வளவு பிடித்துப்போனது ஏன் என்று கேட்டான்.

ஜோஷ்வா டீயை ஒரு மிடறு உறிஞ்சினார்.

"போன மாசம் ஒரு கிளப்புல போர்டு அவ்ளோ தெளிவா எழுதி வெச்சிருந்தாங்க தம்பி, தண்ணி கேன் போட வந்தவன் அத படிச்சுட்டு ஊட்லயே தோட்டா செஞ்சுட்டான். அன்னிலேர்ந்து மேடம் ஊர் ஊரா தேடிக்கினு கீறாங்க, எழுதினா ஒருத்தனுக்கும் ஒரு மண்ணும் புரியாத மாதிரி எழுதற ஆளு எங்கனா கெடைப்பானான்னு."